அலமாரியில் இடம், அச்சில் பாரம்: ஒரு ஆர்.வி. தம்பதியின் முதல் குளிர்காலம்

பின்னணி

அறுபதை ஒட்டிய வயதில் ஒரு அமெரிக்கத் தம்பதி. கணவர் பள்ளியில் மரவேலை கற்றுத்தந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஒரு நிறுவனத்துக்கு மடிக்கணினியிலேயே கணக்கு வேலை பார்க்கிறார். வேலையை விடும் எண்ணம் அவருக்கு இல்லை. கோடை முடியும் நேரத்தில் வீட்டை விற்றுவிட்டு, ட்ரக் கொண்டு இழுக்கும் 28 அடி டிராவல் டிரெய்லர் ஒன்றில் முழுநேரமும் வாழ முடிவு செய்தார்கள். ஆர்.வி. எனப்படும் நடமாடும் வீட்டு வண்டிகளில் இது ஒரு வகை. வண்டி பழையது, ஆனால் நன்றாகப் பராமரிக்கப்பட்டது. முன்பக்கம் படுக்கை, நடுவில் ஸ்லைடில் (வண்டியை நிறுத்தியதும் பக்கவாட்டில் வெளியே நீளும் பகுதி) சோபாவும் சாப்பாட்டு மேசையும், பின்பக்கம் முழு அகலத்துக்குச் சமையலறை.

குளிர்காலத்தை அரிசோனாவின் குவார்ட்ஸைட்டில் கழிப்பதாகத் திட்டம். அந்தச் சிற்றூரை ஒட்டிய லா போசா பாலைவனப் பகுதியில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரே அனுமதி அட்டையில் தங்கலாம். தண்ணீர்க் குழாயோ மின் இணைப்போ வண்டிக்கு வராது. ஆனால் தண்ணீர் பிடிக்கவும் கழிவு கொட்டவும் பொதுவான இடம் உண்டு. அந்தப் பருவத்தில் எனக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தவர்கள் இவர்கள்தான். அவர்கள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

குடியேறும் முன் வாங்கியவை

வீடு விற்கும் பரபரப்பிலும் அவர்கள் ஒன்றைக் கவனமாகச் செய்தார்கள்: ஆர்.வி.க்குத் தேவை என்று யார் சொன்னாலும் குறித்துவைத்து வாங்கினார்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பாத்திரங்கள், காற்றை உறிஞ்சித் துணியைச் சுருக்கும் பைகள், கதவில் தொங்கவிடும் செருப்புப் பைகள், பூட்டு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள், சுவரில் திருகும் மசாலா அடுக்கு, பின்பக்க பம்பரில் மாட்டும் சைக்கிள் தாங்கி. தாங்கியில் பேட்டரி சைக்கிள்கள் இரண்டு ஏறின. காலியாக இருந்த மூலை எல்லாம் நிரம்பியது. கட்டிலுக்கு அடியில், சோபாவுக்குள், மேசை இருக்கைகளுக்குள், எங்கும் பெட்டி.

தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதையும் தவறான பொருள் என்று சொல்ல முடியாது. சுருக்குப் பையை எடுத்துக்கொள்வோம். நான்கு கம்பளி உடைகள் இருந்த இடத்தில் பத்து உடைகள் அடங்குகின்றன. இடம் குறைகிறது, பாரம் குறைவதில்லை. மிச்சமான இடத்தில் இன்னும் நான்கு பொருள் ஏறுகிறது. சேமிப்புக்கென்று விற்கும் பொருட்கள் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கின்றன: வண்டியில் இன்னும் ஏற்றலாம் என்று தைரியம் கொடுக்கின்றன.

ஐ-17 இறக்கத்தில் நடந்தது

வடக்கிலிருந்து வந்தவர்கள் ஃப்ளாக்ஸ்டாஃபிலிருந்து ஐ-17 நெடுஞ்சாலையில் பீனிக்ஸ் பக்கம் இறங்கினார்கள். ஃப்ளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பீனிக்ஸ் 350 மீட்டர் கூட இல்லை. வழியில் நீண்ட, செங்குத்தான இறக்கங்கள். அப்படி ஒன்றில் பெரிய லாரி ஒன்று பக்கத்தில் தாண்டிப் போனபோது டிரெய்லர் இடதும் வலதுமாக ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக இருந்ததாம்.

கணவர் ட்ரக்கின் பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் பொத்தானை அழுத்தினார். வண்டி நேரானது. இதை அவர் முன்பே படித்து வைத்திருந்தார். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையின் முடிவு வேறாக இருந்திருக்கும்.

குவார்ட்ஸைட் வந்து கதவைத் திறந்தபோது மசாலா அடுக்கு தரையில் கிடந்தது. மேல் அலமாரி ஒன்று திறந்து டப்பாக்கள் கொட்டியிருந்தன. கணவர் காற்றைக் குறை சொன்னார். ட்ரக்கையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கியும் சரி, வண்டி மட்டமாகவும் நிற்கிறது, அப்புறம் வேறு என்ன காரணம் என்பது அவர் வாதம். அவரிடம் இருந்தது எடையைப் பகிர்ந்து கொடுக்கும் வகைக் கொக்கி. அதன் கம்பிகளை இறுக்கிவிட்டால், பாரம் தவறாக ஏற்றிய வண்டியும் பார்வைக்கு மட்டமாகவே நிற்கும். எதையும் இறக்காமல் அப்படியே எடைபோட்டுப் பார்க்கலாம் என்று சொன்னேன். மறுநாள் காலை கிளம்பினோம்.

எடை மேடை

நெடுஞ்சாலை ஓர லாரி நிறுத்தங்களில் எடை மேடைகள் இருக்கின்றன. கட்டணம் கட்டி யாரும் எடைபோடலாம். ட்ரக்கின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லரின் அச்சுகள் என மூன்று தட்டில் மூன்று எடை தனித்தனியாக வரும். கொக்கியின் கம்பிகளைக் கழற்றிவிட்டு ஒரு முறை, டிரெய்லரை விட்டுவிட்டு ட்ரக்கை மட்டும் ஒரு முறை நிறுத்தினோம். இரண்டு சீட்டையும் வைத்துக் கழித்தால் எல்லா விவரமும் வந்துவிடும். அங்கே எல்லாமே பவுண்டில்தான். ஒரு பவுண்டு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

டிரெய்லரின் மொத்த எடை 7,990 பவுண்டு. அனுமதி 7,600.

அதன் இரண்டு அச்சுகள் சேர்ந்து தாங்கக்கூடியது 7,000. அவற்றின் மேல் இருந்தது 7,350. டயர் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் 1,760 என்று உச்ச வரம்பு அச்சிட்டிருந்தது. நாலால் வகுத்தால் ஒவ்வொன்றிலும் சராசரி 1,840க்குப் பக்கம். அதாவது அந்த டயர்கள் வரும் வழியெல்லாம் வரம்புக்கு மேல்தான் ஓடியிருக்கின்றன.

ஆட்டத்துக்கான விடை மூன்றாவது எண்ணில் இருந்தது. கொக்கியின் மேல் இறங்கிய எடை 640 பவுண்டுதான், மொத்தத்தில் 8 விழுக்காடு. இவ்வகை டிரெய்லருக்கு அது 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் முன்பக்கம் லேசாகிறது. முன்பக்கம் லேசானால் காற்று தள்ளும்போது வால் ஆடுகிறது. இவர்கள் வண்டியிலோ சமையலறை பின்னால், டப்பா உணவும் இரும்புச் சட்டிகளும் பின்னால், தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால், எல்லாவற்றுக்கும் கடைசியில் பம்பரில் சைக்கிள்கள்.

கதவருகே ஒட்டியிருந்த தாளை அப்போதுதான் இருவரும் முழுதாகப் படித்தார்கள். சரக்கு 1,480 பவுண்டைத் தாண்டக்கூடாது என்றும், தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தால் அதுவும் சரக்குக் கணக்கில் சேரும் என்றும் அதில் தெளிவாக இருந்தது. இவர்கள் தொட்டி 40 கேலன். நிரம்பினால் 334 பவுண்டு. பாலைவனத்தில் குழாய் கிடைக்காது என்று வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு மாநிலம் மாநிலமாகச் சுமந்து வந்திருக்கிறார்கள்.

எடுத்த முடிவுகள்

முதல் யோசனை டயரை மாற்றுவது. அதிக பாரம் தாங்கும் டயர் அதே அளவில் கிடைக்கும்தான். ஆனால் அதனால் அச்சின் எல்லை உயராது, கொக்கி எடையும் சரியாகாது. பாரத்தைக் குறைத்த பிறகு பாதுகாப்புக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள்.

மனைவி கணக்கு பார்ப்பவர் என்பதால் வழி எளிதானது. ஒரு குளியலறைத் தராசை வாங்கி, ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்து, எடையையும் அது இருந்த இடத்தையும் எழுதினார். எது கனம் என்று அவர்கள் நினைத்திருந்ததும் தராசு காட்டியதும் ஒத்துப்போகவில்லை. துணிகள் அவ்வளவு இல்லை. புத்தகம், கருவி, டப்பா உணவு, கண்ணாடிப் பொருள், தண்ணீர், இவைதான் கனம்.

தொட்டியில் இனிமேல் பயணத்தின்போது கால்வாசித் தண்ணீர் மட்டும். மீதியைச் சேருமிடத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வது. இது ஒன்றிலேயே 250 பவுண்டு போனது. சைக்கிள்கள் ட்ரக்கின் பின்பக்கச் சரக்குத் தொட்டிக்கு மாறின. பம்பர் தாங்கியைக் கழற்றி விற்றுவிட்டார்கள், அதில் 165. இதில் எடை மட்டும் பிரச்சினை இல்லை. இந்த டிரெய்லர்களின் பின்பக்கச் சதுரக் குழாய் பம்பர் மெல்லிய தகடு. கழிவுக் குழாயை உள்ளே செருகி வைக்கத்தான் பலரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். இவர்கள் பம்பரின் பற்றவைப்பு ஓரத்தில் ஏற்கெனவே மயிரிழை விரிசல் தெரிந்தது. சைக்கிளோடு அது நெடுஞ்சாலையில் கழன்று விழுந்திருந்தால் பின்னால் வருபவர் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கருவிகள் 90 பவுண்டு. பாதிக்கு மேல் அவர் தொழிலின் நினைவுகள். அவற்றை விடச் சொல்வது சுலபமில்லை, நானும் சொல்லவில்லை. அவரே ட்ரக்குக்கு மாற்றினார். புத்தகங்களில் 60 பவுண்டை அங்கிருந்த பொது நூலகத்துக்குக் கொடுத்தார்கள். டப்பா உணவில் 70, இரும்பு, பீங்கானில் 40, மடக்கு நாற்காலி போன்ற சில்லறையில் 35.

ட்ரக்குக்கு மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது என்று விட்டுவிடவில்லை. ட்ரக்குக்கும் ஒரு வரம்பு உண்டு; ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். கொக்கி எடை, இருவரின் எடை, பின்தொட்டிச் சரக்கு எல்லாம் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். கூட்டிப் பார்த்ததில் 250 பவுண்டு போல மீதம் இருந்தது. அவர் வாங்க நினைத்த பெரிய இரும்புப் பெட்டகம் அதோடு கைவிடப்பட்டது.

மறு எடையில் டிரெய்லர் 7,280. அச்சுகளின் மேல் 6,380, கொக்கியில் 900. விழுக்காடு 12ஐத் தாண்டிவிட்டது.

குளிர் இரவுகள் காட்டிக்கொடுத்தவை

ஜனவரியில் அங்கே பகல் இதமாக இருக்கும். இரவில் 5 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும். அப்போதுதான் இரண்டாவது பிரச்சினை வந்தது. கேஸ் ஹீட்டர் சில நிமிடம் எரிந்து, தானாக அணைந்து, விசிறி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பழுது என்று மெக்கானிக்கைத் தேடப் போனார்கள்.

ஹீட்டர் சோபாவுக்கு அடியில் இருந்தது. அதற்கு உள்ளறைக் காற்று போகும் சல்லடைக்கு முன்னால் செருப்பு அடுக்கு ஒன்று நிறுத்தப்பட்டிருந்தது. சோபாவுக்குள் வைத்த பெட்டி, சூடான காற்றைக் கொண்டுபோகும் வளைகுழாயை நசுக்கியிருந்தது. காற்று ஓடாவிட்டால் ஹீட்டர் அளவுக்கு மீறிச் சூடாகும். சூடானால் காப்பு விசை அதை அணைத்துவிடும். அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது. அடுக்கையும் பெட்டியையும் எடுத்தார்கள், ஹீட்டர் ஒழுங்காக எரிந்தது. மெக்கானிக் தேவைப்படவில்லை.

அதே வாரம் மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது அடிப்பலகையில் கருப்பாகப் பூஞ்சை. பலகைக்குக் கீழே வெளிக்கதவுள்ள சாமான் அறை, அது இரவில் குளிர்கிறது. மேலே இருவர் உடலின் சூடும் மூச்சின் ஈரமும். நடுவில் காற்றுக்கு வழியே இல்லை. போதாததற்கு ஹீட்டர் நின்ற இரவுகளில் அடுப்பைக் கொளுத்திக் குளிர் காய்ந்திருக்கிறார்கள். ஒரு கிலோ புரொப்பேன் கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும், அது முழுக்க வீட்டுக்குள்ளேயே தங்கும். ஈரத்தைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்ஸைடு. அடுப்பைச் சூட்டுக்காக எரிக்கவே கூடாது என்று அவர்களிடம் சற்றுக் கடுமையாகவே சொன்னேன்.

பலகையைத் துடைத்துக் காயவிட்டு, மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே காற்று ஓடும் முறுக்கிழை விரிப்பைப் போட்டார்கள். கூரைத் துவாரத்தை இரவில் விரற்கடை அளவு திறந்து வைத்தார்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று சுவரில் ஏறியது. நான் பார்த்தவரை, முழுநேரம் வாழ்பவர்கள் வாங்கும் மலிவான பொருட்களில் மிகவும் பயன்படுவது இந்த விரிப்பும் ஈரப்பதக் கருவியும்தான்.

இந்தத் தேடலில் இன்னொன்றும் தெரியவந்தது. படுக்கையறையில் சிவப்புப் பிடியுள்ள சன்னல், அவசரத்தில் வெளியேறுவதற்கானது. அதன் மேல் செருப்புப் பை தொங்கிக்கொண்டிருந்தது. பையை எடுத்துவிட்டுத் திறந்து பார்க்கச் சொன்னேன். ரப்பர் ஒட்டிக்கொண்டு, இருவரும் தள்ளிய பிறகே திறந்தது. வாசல் பக்கம், சமையலறை இருக்கும் திசையில் தீப்பிடித்தால் அவர்களுக்கு இருந்த ஒரே வழி அது.

பொருள் வைக்கக்கூடாத இடங்கள்

இதற்குப் பிறகு வண்டிக்குள் சில இடங்களில் நிறம் தெரியும் ஒட்டுநாடாவை ஒட்டி, அங்கே எதையும் வைப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். ஹீட்டர் சல்லடையும் அதன் குழாய்களும். மின்சாரத்தை மாற்றிக்கொடுக்கும் கன்வெர்ட்டர் இருக்கும் பெட்டியைச் சுற்றி, ஏனென்றால் அது சூடாகும், அதற்குக் காற்று வேண்டும். தண்ணீர் பம்புக்கும் வால்வுகளுக்கும் கை போகும் வழி. அவசரச் சன்னல். தரையை ஒட்டியுள்ள கேஸ் கசிவுக் கருவி. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும், அதனால்தான் கருவியைக் கீழே பொருத்துகிறார்கள். அதன் முன் கூடையை வைத்தால் கருவி இருந்தும் இல்லாதது போல.

இந்த ஒட்டுநாடா யோசனை மனைவியுடையது. இந்த வண்டியில் நடந்த மாற்றங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சமையலறையும் சில்லறைகளும்

கனமானவை கீழே, முடிந்தவரை அச்சுக்கு அருகே, லேசானவை மேலே. மேல் அலமாரிக்குள் ஸ்பிரிங் கம்பிகளைக் குறுக்கே பொருத்தினார்கள், கதவு திறந்தாலும் பொருள் விழாது. குளிர்பெட்டிக்குள்ளும் அதே கம்பிதான். கெட்டிப் பெட்டிகளுக்குப் பதில் துணிக் கூடைகள் வந்தன; வளைந்த மூலைகளில் அவை பொருந்துகின்றன, பெட்டியின் எடையும் மிச்சம்.

விழுந்த மசாலா அடுக்கை மறுபடி திருகவில்லை. இந்த வண்டிகளின் உள்சுவர் 3 மில்லிமீட்டர் அளவு ஒட்டுப்பலகை, பின்னால் நுரை. சட்டம் இருக்கும் இடம் தெரியாமல் திருகினால் ஆணி பிடிமானமில்லாமல் நிற்கும், குலுங்கும்போது துளையைப் பெரிதாக்கிக்கொண்டு வெளியே வரும். கணவர் மரவேலைக்காரர் என்பதால் இதைக் கண்டதும் புரிந்துகொண்டார். மசாலாக்கள் இழுப்பறைக்குள் படுத்துக்கொண்டன.

குடிநீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஒரே பெட்டியில் சுருண்டு கிடந்தன. இதை அன்றே பிரித்தார்கள். குடிநீர்க் குழாய், அழுத்தம் குறைக்கும் பித்தளைத் துண்டு, வடிகட்டி ஆகியவை முன்பக்கச் சாமான் அறையில் மூடிய பையில். கழிவுக் குழாய், கையுறை எல்லாம் பின்னால். கையுறையும் தனித்தனி.

பின்னர் சில வாரம் 30 ஆம்பியர் மின் இணைப்புள்ள முகாமில் தங்கினார்கள். 120 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றால் 3,600 வாட், அவ்வளவுதான். 1,500 வாட் மின் ஹீட்டரும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடினால் மற்றதற்கு அதிகம் மிச்சமிருக்காது. எந்தச் சாதனம் எத்தனை வாட் என்று அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்ததும், பாரம் மிஞ்சி பிரேக்கர் விழுவது நின்றது. முகாமின் மின்கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவே போடும் மின்காப்புக் கருவி விலை கூடியதுதான், ஆனாலும் அதை வாங்கியது சரியான செலவு.

விளைவு

ஏப்ரலில் கிளம்பும் முன் மீண்டும் எடைபோட்டார்கள். மாதக்கணக்கில் தங்கியதில் சில பொருட்கள் திரும்ப ஏறியிருந்தன, இருந்தாலும் அனுமதிக்குள்தான். அதே ஐ-17 ஏற்றத்தில் வடக்கே போனார்கள். கோடையில் மறுபடி அதே வழியில் இறங்கியபோதும், லாரிகள் தாண்டியபோதும், வண்டி ஆடவில்லை என்று கணவர் எனக்கு எழுதியிருந்தார். பழைய டயர்களை மாற்றிவிட்டார்கள். அவற்றின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம், தயாரித்த வாரமும் ஆண்டும், ஏழு வருடத்துக்கு மேல் பழையவை என்று காட்டியது.

எதை மாற்றிச் செய்வார்கள்

வாங்கிய அன்றே வண்டியைக் காலியாக எடைபோடுவார்கள். தாளில் அச்சிட்ட எண், தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளுக்கானது. முந்தைய உரிமையாளர் சேர்த்தவை அதில் இல்லை. துணைக்கருவிகளை முன்கூட்டி வாங்காமல், கையில் இருக்கும் பாத்திர பண்டங்களோடு ஒரு மாதம் வாழ்ந்து பார்த்துவிட்டு வாங்குவார்கள். அடுத்த வண்டி என்று ஒன்று வந்தால், சமையலறை எங்கே இருக்கிறது என்பதற்கு முன்பே கதவருகே உள்ள தாளைப் பார்ப்பதாகச் சொன்னார்கள். எனக்கு இதில் சிறு வேறுபாடு உண்டு: பின்பக்கச் சமையலறை வசதியானது, அளவோடு ஏற்றினால் கெடுதல் இல்லை.

மனைவியின் வேலை மேசைக்கு மட்டும் இன்னும் வழி அமையவில்லை. சாப்பாட்டு மேசையில் காலையில் கணினியும் திரையும் ஏறுகின்றன, மதியம் இறங்குகின்றன, மறுபடி ஏறுகின்றன. ஸ்லைடில் சாப்பாட்டு மேசையையும் இருக்கைகளையும் கழற்றிவிட்டு, மடக்கு மேசை ஒன்றைக் கணவரே செய்து பொருத்தலாமா என்று யோசிக்கிறார்கள். கழற்றியதையும் பொருத்தப் போவதையும் தராசில் வைத்துப் பார்த்த பிறகு முடிவு செய்வார்களாம்.